தீவாந்தரம்: ‘இலவசமாக வந்த’ மேரி

‘1821இல் இலவசமாக வந்தவர்.’ இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தண்டனையாக அனுப்பப்பட்ட மேரி ரெய்பி என்ற பெண்ணின் குடும்ப வரலாற்றைத் தமிழில் படித்தபோது இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். இரண்டு பத்திக்கு முன்தான் அதே பெண் ‘நாடுகடத்தப்பட்ட கைதி’. ‘இலவசம்’, ‘நாடுகடத்தல்’, ‘கைதி’, மூன்று சொற்களுமே தவறு.

முதலில் தண்டனையின் பெயர். ஆங்கிலத்தில் டிரான்ஸ்போர்டேஷன், லத்தீனில் ‘அப்பால் சுமந்து செல்லுதல்’. இதைப் ‘போக்குவரத்துத் தண்டனை’ என்று எழுதியவரையும் பார்த்திருக்கிறேன். அவரோடு எனக்கு வாதமில்லை, அனுதாபம்தான்.

வாதம் ‘நாடுகடத்தல்’காரர்களோடு. விசா முடிந்தும் தங்கியவரைப் பிடித்துச் சொந்த ஊருக்குத் திருப்பியனுப்புவதை இன்று எல்லாச் செய்தித்தாளும் இப்படித்தான் சொல்கிறது. இங்கே நடந்தது அதற்கு நேர் எதிர்: சொந்த ஊரிலிருந்து பிடுங்கி, அரசு குறித்த ஒரே இடத்தில், குறித்த ஆண்டுகள் உழைக்க வைப்பது. நாடுகடத்தலில் ‘வெளியே போ’ என்பதோடு கதை முடிந்துவிடும். எத்தனை ஆண்டு உழைக்க வேண்டும் என்ற கேள்வியே எழாது. 1788 முதல் 1868 வரை ஆஸ்திரேலியாவுக்கு இப்படிப் போனவர்கள் ஏறத்தாழ 1,62,000 பேர். அவர்களில் பெண்கள் சுமார் 25,000. பெரும்பாலோரின் வாழ்க்கை ‘ஏழு ஆண்டு, பதினான்கு ஆண்டு, ஆயுள்’ என்ற கணக்கில் ஓடியது. அந்தக் கணக்கைச் சொல்லாத சொல் எதற்கு?

‘கடல்கடத்தல்’ என்று தூய தமிழில் ஒருவர் ஆக்கியிருக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் ‘கடத்தப்பட்ட பெண்’ என்று எழுதிப் பாருங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கத் தோன்றும்.

நம்மிடம் சொல் இல்லாமலா? 1908இல் வ.உ.சி.க்கு விதித்ததைத் ‘தீவாந்தர தண்டனை’ என்றுதான் நம் தாத்தாக்கள் சொன்னார்கள். கடைசியில் அவர் கடல் தாண்டவில்லை. கோவையிலும் கண்ணூரிலும் சிறையிருந்தார். தீர்ப்பின் பெயர் என்னவோ அதுதான். சின்ன மருதுவின் மகன் துரைசாமி பினாங்குக்கே போனார். தீவாந்தரம் என்றால் வேறு தீவு. தேசாந்தரத்தில் வரும் அதே அந்தரம். வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் ‘தண்டனை’யை மட்டும் எப்படி விழுங்குகிறார்கள் என்று தெரியவில்லை. 1956இல் இந்தியச் சட்டத்தில் அது ஆயுள் சிறையாக மாறியதும், சொல்லையும் பரணில் போட்டுவிட்டோம்.

‘கைதி’யும் ஒட்டாது. மேரி ரெய்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் பரி ஊரில் 1777இல் பிறந்தவர். ஆண்பிள்ளை வேடத்தில், ஜேம்ஸ் பர்ரோ என்ற பெயரில், குதிரை திருடியதாக 1790இல் பிடிபட்டார். பெண் என்பது பிறகுதான் வெளிவந்தது. ஏழு ஆண்டு தீவாந்தரம். 1792இல் சிட்னியில் இறங்கியவரைக் கம்பிக்குள் அடைக்கவில்லை. ஓர் அதிகாரி வீட்டில் குழந்தை பார்க்க விட்டார்கள். ‘தண்டனையாளர்’ என்றால் போதும்.

இரண்டு ஆண்டில் திருமணம், பிறகு ஏழு குழந்தைகள். 1811இல் கணவர் இறந்தபின் கப்பலும் கிடங்கும் அவர் கையில். பேரன் தாமஸ் டாஸ்மேனியாவின் முதலமைச்சரானார். பாட்டியின் முகம் இன்று ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் இருக்கிறது.

இனி அந்த ‘இலவசம்’. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் 1828இல் நடந்த மக்கள் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரும் எந்த நிலையில் வந்தார் என்று கேட்டார்கள். ‘கேம் ஃப்ரீ’ என்றால் தண்டனையில்லாமல் சுதந்திர ஆளாக வந்தவர். தண்டனைக் காலத்தைக் கழித்து விடுதலையானவருக்கு வேறு குறியீடு. மேரி 1820இல் இங்கிலாந்துக்குப் போய் மறு ஆண்டு திரும்பியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு ‘1821இல் சுதந்திரமாக வந்தேன்’ என்று எழுதிவிட்டார். பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. எத்தனை நயமான மறைப்பு! மொழிபெயர்ப்பாளர் ‘ஃப்ரீ’ என்றால் இலவசம் என்று எழுதிவிட்டு எழுந்து போய்விட்டார்.

1821இல் மேரி பணக்கார வணிகர், சொந்தக் காசில் வந்தார். அவர் இலவசமாக வந்தது 1792இல்தான். அரசுச் செலவில், ‘ராயல் அட்மிரல்’ கப்பலில்.