பட்டனை நாலு தடவ அமுக்குனது யூசர் தப்பு இல்ல

கொஞ்ச வருஷம் முன்னாடி ஒரு ஆபீஸுக்கு சின்னதா ஒரு டூல் எழுதிக் குடுத்தேன். பைத்தான் மொழி, அதுல விண்டோ, பட்டன் எல்லாம் வரையற டிகேஇண்டர்ங்கற லைப்ரரி, ஒரே ஒரு விண்டோ, அதுல ஒரு பட்டன். அமுக்குனா ஒரு ஃபைல படிச்சு அதுல இருக்கறத டேட்டாபேஸ்ல ஏத்தும், அவ்ளோதான் வேலை. என் மெஷின்ல ரெண்டு செகண்ட்ல முடிஞ்சுது. மூணு நாள் கழிச்சு போன் வருது, சார் எல்லா ரெக்கார்டும் நாலு நாலு தடவ இருக்கு, என்னான்னு பாருங்கன்னு. போய்ப் பாத்தா அங்க இருக்கற ஃபைல் நான் டெஸ்ட் பண்ணத விட ரொம்பப் பெருசு, பட்டன அமுக்குனதும் விண்டோ அப்படியே வெள்ளையாகி நின்னுடுது. அத யூஸ் பண்றவங்க சொன்னது இதுதான்: "அமுக்குனேன் சார், ஒண்ணும் நடக்கல, அதான் மறுபடி அமுக்குனேன்."

நான் அப்ப என்ன பண்ணேன்னா, ஃபங்ஷன் ஆரம்பத்துல பட்டன டிஸேபிள் பண்ணி, கடைசில திரும்ப எனேபிள் பண்ணி விட்டேன். பிரச்சனை முடிஞ்சுதுன்னு நெனச்சேன், முடியல. அடுத்த வாரமும் டூப்ளிகேட். இது ஏன்னு புரிஞ்சுக்க எனக்கு அன்னிக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போச்சு, ஆனா அது புரிஞ்சப்பறம் ஜியூஐ, அதாவது விண்டோ பட்டன் வெச்சு எழுதற கோடுல வர்ற பிரச்சனைல முக்காவாசி எங்கருந்து வருதுன்னும் புரிஞ்சு போச்சு.

விஷயம் இதுதான். கடைசி வரில மெயின்லூப்னு ஒண்ணு போடுறோமே, அது வெறும் சம்பிரதாயத்துக்குப் போடுற வரி இல்ல, உங்க ப்ரோக்ராம் நடக்கறதே அதுக்குள்ளதான். அது சுத்திக்கிட்டே இருக்கும், மவுஸ் அமுக்குனது, கீ தட்டுனது, விண்டோவ மறுபடி வரையணும்ங்கறது எல்லாம் ஒரு வரிசைல வந்து நிக்கும், ஒண்ணொண்ணா எடுத்துப் பாக்கும். உங்க பட்டன் ஃபங்ஷன கூப்பிட்டதுக்கு அப்புறம் அது திரும்பி வர்ற வரைக்கும் லூப் கையக் கட்டிட்டு நிக்கும். அந்த நேரத்துல படம் வரைய ஆள் இல்ல, அதான் வெள்ளை. ஒரு 5 செகண்ட் விண்டோ தனக்கு வந்த மெசேஜ எடுத்துப் பாக்கலன்னா விண்டோஸே அந்த டைட்டில்ல பதில் இல்லன்னு எழுதிடும், யூசர் செத்துப் போச்சுன்னு நெனச்சு மூடிடுவாரு. மூடலன்னா திரும்பத் திரும்ப அமுக்குவாரு. அந்த அமுக்கல் ஒண்ணும் காத்துல போறதில்ல, எல்லாம் வரிசைல போய் நிக்குது. என் ஃபங்ஷன் முடியற நேரத்துல பட்டன எனேபிள் பண்ணிட்டேன் இல்லையா, அதுக்கு அப்புறம்தான் லூப் வரிசைய எடுத்துப் பாக்குது. அது பாக்கும்போது பட்டன் நல்லா உயிரோட இருக்கு! அப்புறம் என்ன, மிச்ச மூணு அமுக்கலும் வரிசையா ஓடுது. டிஸேபிள் பண்ணது ஸ்க்ரீன்ல கூட தெரிஞ்சிருக்காது.

அதனால "பைத்தான் ஸ்லோ, அதான் விண்டோ ஹேங் ஆகுது"ன்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு நம்பாதீங்க. சி ப்ளஸ் ப்ளஸ்ல எழுதினாலும் பட்டன் ஃபங்ஷனுக்குள்ள இருபது செகண்ட் வேலைய வெச்சா அதுவும் இதே மாதிரிதான் நிக்கும்.

இதோட தம்பி ஒண்ணு இருக்கு, டைம் ஸ்லீப், ப்ரோக்ராம அப்படியே தூங்க வெக்கற ஃபங்ஷன். ஒரு செகண்டுக்கு ஒரு தடவ லேபிள மாத்தணும்னு வைல் லூப் போட்டு உள்ள ஸ்லீப் போடுறது. கன்சோல் ப்ரோக்ராம்ல இருந்து வர்றவங்க எல்லாருமே ஒரு தடவயாவது இத பண்ணிருப்பாங்க, நானும்தான். டிகேஇண்டர்ல அதுக்கு ஆஃப்டர்னு ஒரு மெத்தட் இருக்கு, 1000ன்னு குடுத்தா 1000 மில்லிசெகண்ட் கழிச்சு இந்த ஃபங்ஷன கூப்பிடுன்னு லூப் கிட்ட சொல்லிட்டு உடனே திரும்பிடும். அந்த ஃபங்ஷன் தன் வேலைய முடிச்சிட்டு கடைசி வரில மறுபடி ஆஃப்டர் போட்டுக்கும். க்யூட்டின்னு இதே மாதிரி இன்னொரு விண்டோ லைப்ரரி இருக்கு, அதுல இதுக்கு க்யூடைமர். இன்னும் சில பேரு லூப்புக்கு நடுவுல அப்டேட்னு ஒரு கால் போட்டு சமாளிப்பாங்க. விண்டோ உயிரோட இருக்கற மாதிரி தெரியும், உண்மைதான், ஆனா அந்த அப்டேட் வரிசைல நிக்கற எல்லா ஈவென்ட்டையும் அங்கயே ஓட்டிடும், அதாவது உங்க ஃபங்ஷன் பாதில இருக்கும்போதே அதே பட்டன் மறுபடி அமுக்கப்பட்டு அதே ஃபங்ஷன் உள்ளுக்குள்ள இன்னொரு தடவ ஆரம்பிக்கலாம். நான் அத எங்க பாத்தாலும் அழிச்சிடுவேன்.

சரி அப்ப பெரிய வேலைய எங்க வைக்கறது? தனி த்ரெட்ல, அதாவது அதே ப்ரோக்ராமுக்குள்ள பக்கத்துலயே ஓடுற இன்னொரு ஓட்டத்துல. இங்கதான் அடுத்த குழி. த்ரெட்டுக்குள்ள இருந்து நேரா லேபிள மாத்துறது, ப்ராக்ரஸ் பார நகத்துறது. சில சமயம் ஓடும், அதான் ஆபத்தே. உங்க மெஷின்ல நூறு தடவ ஓடிட்டு யூசர் மெஷின்ல கண்டபடி எர்ரர் அடிக்கும், இல்லன்னா எந்த மெசேஜும் இல்லாம உறைஞ்சிடும். நான் வெச்சிருக்கற ரூல், விட்ஜெட்ட, அதாவது பட்டன், லேபிள் மாதிரி விண்டோல இருக்கறத, தொடற உரிமை மெயின்லூப் ஓடுற மெயின் த்ரெட்டுக்கு மட்டும்தான், வேற யாரும் கை வைக்கக் கூடாது. வேலை செய்யற த்ரெட் ஒரு க்யூல, அதாவது சீட்டு போட்டு எடுக்கற வரிசைல, "நாப்பது சதவீதம் முடிஞ்சுது"ன்னு ஒரு சீட்டு போடும். மெயின் பக்கம் ஆஃப்டர் வெச்சு 100 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ ஒரு ஃபங்ஷன் வந்து, கெட் நோவெயிட்னு கூப்பிட்டு, இருக்கற சீட்டு எல்லாத்தையும் எடுத்து, காலின்னு சொல்ற எம்ப்டி எக்செப்ஷன் (பைத்தான் கிளப்புற எர்ரர்) வந்ததும் நிறுத்திட்டு, மறுபடி ஆஃப்டர் போட்டுட்டுப் போயிடும். அந்த கெட் நோவெயிட்டுக்குப் பதிலா வெறும் கெட்னு போட்டுடாதீங்க, க்யூ காலியா இருந்தா அது அங்கயே காத்துட்டு நிக்கும், மறுபடி வெள்ளை விண்டோ. பட்டன எனேபிள் பண்றதும் "முடிஞ்சுது"ங்கற சீட்டு வந்தப்பறம் மெயின் பக்கத்துல. என் பழைய டூல இப்படித்தான் சரி பண்ணேன், கூடவே டேட்டாபேஸ் டேபிள்ல ஒரே ரெக்கார்டு ரெண்டு தடவ ஏறாம தடுக்கற யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட்டும் போட்டேன், அத முதல் நாளே போட்டிருக்கணும்.

த்ரெட்டுக்கு மாறினதும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் யூஸ் பண்றவங்களுக்கு ஒரு எர்ரர் வரும், ஒரு த்ரெட்ல திறந்த கனெக்ஷன வேற த்ரெட்ல யூஸ் பண்ணக் கூடாதுன்னு. நெட்ல தேடுனா அந்தச் செக்கையே ஆஃப் பண்ணிடுன்னு வரும், பண்ணாதீங்க, வேலை செய்யற த்ரெட்டுக்குள்ளயே கனெக்ஷன திறந்து அங்கயே மூடுங்க. இன்னொண்ணு, வேலை கணக்கு போடுற மாதிரி சிபியுவ தின்னுற வேலையா இருந்தா த்ரெட் போட்டும் விண்டோ திக்கித் திக்கித்தான் நகரும், ஏன்னா சாதாரண பைத்தான்ல ஜிஐஎல்ங்கற பூட்டு காரணமா ஒரு நேரத்துல ஒரு த்ரெட்தான் பைத்தான் கோட ஓட்டும். அந்த மாதிரி வேலைக்கு தனி ப்ராசஸ். ஃபைல் படிக்கறது, நெட்வொர்க்ல இருந்து எடுக்கறது இதுக்கெல்லாம் த்ரெட்டே போதும்.

க்யூட்டிய பைத்தான்ல யூஸ் பண்ண வைக்கற பைக்யூட்டி, பைசைடு பக்கம் இருக்கறவங்களுக்கு இந்தக் க்யூ வேலையெல்லாம் கொஞ்சம் சுளுவு. சிக்னல், அதாவது க்யூட்டில ஒண்ணு இன்னொண்ணுக்கு அனுப்பற சேதி, அனுப்புனா ரிசீவர் எந்த த்ரெட்ட சேந்ததோ அந்த த்ரெட்டோட வரிசைலயே போய் நின்னுக்கும். ஆனா க்யூட்டியோட த்ரெட்டான க்யூத்ரெட் ஆப்ஜெக்ட்ட ஃபங்ஷனுக்குள்ள ஒரு லோக்கல் வேரியபிள்ல வெச்சீங்கன்னா ஃபங்ஷன் முடிஞ்சதும் பைத்தான் அத குப்பைல போட்டுடும், ஓடிட்டு இருக்கற த்ரெட்ட அழிச்சிட்டீங்கன்னு ஒரு வரி அடிச்சிட்டு மொத்த ப்ரோக்ராமும் விழும். விண்டோ ஆப்ஜெக்ட்டோட செல்ஃப்ல வெச்சுக்கோங்க.

இதே குப்பை விவகாரம் டிகேஇண்டர்ல படம் போடும்போது வரும். ஃபங்ஷனுக்குள்ள ஃபோட்டோஇமேஜ் உருவாக்கி லேபிள்ல வெச்சா, லேபிள் இருக்கும், இடம் இருக்கும், படம் மட்டும் இருக்காது. எர்ரரும் வராது. டிகேஇண்டருக்கு அடில இருக்கற டிகே தன் பக்கம் படத்தோட பேர மட்டும்தான் வெச்சிருக்கும், பைத்தான் பக்கம் அந்த ஆப்ஜெக்ட்ட யாரும் பிடிச்சு வெக்கலன்னா அது போயிடும், போகும்போது படத்தையும் கூட்டிட்டுப் போயிடும். லேபிளோட ஒரு அட்ரிப்யூட்லயே படத்த மாட்டி வெச்சிடுங்க, தீந்துது.

எர்ரர் வராதுன்னு சொன்னேன்ல, அத பத்தி கொஞ்சம் பேசணும், ஏன்னா என் அனுபவத்துல ஹேங் ஆகறத விட இது மோசம். டிகேஇண்டர்ல பட்டன் ஃபங்ஷனுக்குள்ள எக்செப்ஷன் வந்தா ப்ரோக்ராம் சாகாது, கன்சோல்ல எழுதிட்டு லூப் தொடந்து ஓடும். நீங்க டெவலப் பண்ணும்போது கன்சோல் பக்கத்துலயே இருக்கும், பாத்துடுவீங்க. அதே ப்ரோக்ராம கன்சோல் இல்லாம பேக் பண்ணிக் குடுத்தா அந்த எழுத்து போய்ச் சேர இடமே இல்ல. யூசர் சேவ் அமுக்குறாரு, உள்ள எக்செப்ஷன், வெளிய ஒரு மாற்றமும் இல்ல, சேவ் ஆயிடுச்சுன்னு நெனச்சுட்டு வீட்டுக்குப் போறாரு. அதனால நான் எழுதற எந்த டூலா இருந்தாலும் முதல் பத்து வரிக்குள்ள ரிப்போர்ட் கால்பேக் எக்செப்ஷன்ங்கற மெத்தட்ட என் ஃபங்ஷனால மாத்திடுவேன். அது எர்ரர் எங்க வந்துதுன்னு சொல்ற ட்ரேஸ்பேக்க ஒரு லாக் ஃபைல்ல எழுதும், யூசருக்கு ஒரு மெசேஜ்பாக்ஸ் காட்டும், "சேவ் ஆகல"ன்னு பச்சையா சொல்லும். பைக்யூட்டி இதுக்கு நேர் எதிர், 5.5 வெர்ஷன்ல இருந்து ஸ்லாட்டுக்குள்ள, அதாவது சிக்னல் வந்ததும் ஓடுற ஃபங்ஷனுக்குள்ள, பிடிக்காம விட்ட எக்செப்ஷன் வந்தா மொத்த ப்ரோக்ராமையே சாகடிச்சிடும். அங்க பிடிக்காத எக்செப்ஷன் கடைசியா போய்ச் சேர்ற, சிஸ் மாட்யூல்ல இருக்கற எக்செப்ட்ஹுக்க மாத்தி வெக்கணும். த்ரெடிங் மாட்யூல் வெச்சு நம்ம உருவாக்கின த்ரெட்டுக்குள்ள வர்ற எக்செப்ஷன் இந்த ரெண்டுலயுமே மாட்டாது, அத அங்கயே ட்ரை போட்டு பிடிச்சு அதையும் ஒரு சீட்டா க்யூல போடுங்க.

சின்னச் சின்ன சறுக்கல்கள் கொஞ்சம் இருக்கு, வேகமா சொல்லிடறேன். பட்டனோட கமாண்டுக்கு ஃபங்ஷன் பேரு குடுக்கும்போது பின்னாடி அடைப்புக்குறி போட்டா பட்டன் உருவாகும்போதே அது ஓடிடும், அப்புறம் அமுக்குனா சும்மா இருக்கும். ஃபார் லூப்ல பத்து பட்டன் உருவாக்கி லாம்ப்டால, அதாவது பேரில்லாத குட்டி ஃபங்ஷன்ல, லூப் வேரியபிள குடுத்தா எந்த பட்டன அமுக்குனாலும் கடைசி நம்பர்தான் வரும், ஏன்னா லாம்ப்டா மதிப்ப அமுக்கும்போதுதான் போய்ப் பாக்குது, லாம்ப்டாவோட டிஃபால்ட் ஆர்க்யுமென்ட்ல அந்த மதிப்ப அப்பவே கட்டிடணும். டைப் பண்ற கட்டமான என்ட்ரிய உருவாக்கி, அத விண்டோல இடம் பாத்து வெக்கற பேக் மெத்தட்டையும் அதே வரிலயே போட்டா வேரியபிள்ல நன் (None, ஒண்ணுமில்ல) தான் இருக்கும், அப்புறம் கெட் பண்ண முடியலன்னு அழுகறது. ஒரே ஃப்ரேமுக்குள்ள பேக்கையும், அதே வேலைக்கு இருக்கற கிரிடையும் கலக்காதீங்க. ரெண்டாவது விண்டோவுக்கு இன்னொரு டிகே, அதாவது இன்னொரு மெயின் விண்டோ, உருவாக்காதீங்க, டாப்லெவல் போடுங்க, இல்லன்னா எழுத்த வெச்சிருக்கற ஸ்ட்ரிங்வார் முதல் விண்டோ கூட ஒட்டிக்கிட்டு ரெண்டாவதுல காலியாவே தெரியும். அப்புறம் உங்க ஃபைலுக்கு டிகேஇண்டர்னு பேரு வெக்காதீங்க, சிரிக்காதீங்க, இத நான் ரெண்டு பேருக்கு சரி பண்ணிக் குடுத்திருக்கேன், இம்போர்ட் பண்ணும்போது அது உங்க ஃபைலையே எடுத்துக்கும்.

யூசர் கிட்ட குடுக்க ப்ரோக்ராம பேக் பண்றது தனிக் கதை. அதுக்கு இருக்கற பைஇன்ஸ்டாலர்ங்கற டூல்ல ஒரே ஃபைலா கட்டினா, ஓடும்போது அது ஒரு டெம்ப் ஃபோல்டர்ல எல்லாத்தையும் பிரிச்சு வெச்சு அங்கிருந்து ஓடும், முடிஞ்சதும் அந்த ஃபோல்டர அழிச்சிடும். ஐகான், படம் இதுக்கெல்லாம் வெறும் பேரு குடுத்தா கிடைக்காது, கோடு இருக்கற ஃபைலோட பாதைல இருந்து கணக்கு போட்டுக் குடுக்கணும். இதுவரைக்கும் எல்லாரும் பண்ணிடுவாங்க, அடுத்தத கவனிங்க, அதே பாதைல செட்டிங்ஸ் ஃபைலயோ டேட்டாபேஸயோ எழுதுனீங்கன்னா யூசர் நாள் முழுக்க ஏத்துன டேட்டா விண்டோவ மூடினதும் ஃபோல்டரோட சேந்து போயிடும். எழுதற எதுவா இருந்தாலும் யூசரோட சொந்த ஃபோல்டர்ல எழுதுங்க. தனி ப்ராசஸுக்கு மல்டிப்ராசஸிங் மாட்யூல் யூஸ் பண்ணி பேக் பண்ணா ஃப்ரீஸ் சப்போர்ட்ங்கற அந்த ஒரு வரிய இஃப் நேம் மெயின்ங்கற பாதுகாப்புக்குள்ள முதல் வேலையா போடுங்க. நான் ஒரு தடவ மறந்துட்டேன். பட்டன அமுக்குனதும் அதே விண்டோ இன்னொண்ணு திறக்குது, அப்புறம் இன்னொண்ணு, எதிர்ல உக்காந்திருந்தவரு வைரஸ்னு நெனச்சு ப்ளக்க பிடுங்கிட்டாரு.

விண்டோஸ்ல எழுத்தெல்லாம் மங்கலா தெரியுதுன்னா ஃபான்ட்ட குறை சொல்லாதீங்க, ப்ரோக்ராம் தனக்கு டிபிஐ, அதாவது ஸ்க்ரீனோட புள்ளி அடர்த்தி, தெரியும்னு விண்டோஸ் கிட்ட சொல்லல, அதனால விண்டோஸ் சின்னப் படத்த இழுத்துப் பெருசாக்கிக் காட்டுது. விண்டோ உருவாக்கறதுக்கு முன்னாடி சிடைப்ஸ் மாட்யூல் வழியா அத ஒரு வரில சொல்லிடலாம். க்யூட்டி 6ல இது தானாவே ஆன்ல இருக்கும்.

கடைசியா மூடற பட்டன். வேலை பாதில இருக்கும்போது யூசர் மேல இருக்கற எக்ஸ அமுக்குனா என்ன ஆகும்னு டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்கீங்களா? பெரும்பாலும் விண்டோ போயிடும், த்ரெட் பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கும், டாஸ்க் மேனேஜர்ல போய்ப் பாத்தா ப்ராசஸ் அப்படியே நிக்கும். டீமன் த்ரெட்டா வெச்சா ப்ராசஸ் செத்துடும், ஆனா ஃபைல பாதி எழுதின நிலைல விட்டுட்டு சாகும். எக்ஸ அமுக்குனா வர்ற டபிள்யூஎம் டெலீட் விண்டோங்கற ப்ரோட்டோகால பிடிச்சு, அதுக்குள்ள ஒரு ஈவென்ட் ஃப்ளாக செட் பண்ணுங்க, த்ரெட் ஒவ்வொரு ரெக்கார்டு முடிஞ்சதும் அந்த ஃப்ளாக பாத்து நின்னு "நின்னுட்டேன்"னு சீட்டு போடட்டும், அந்த சீட்டு வந்ததும் ஆஃப்டர கேன்சல் பண்ணிட்டு டெஸ்ட்ராய் பண்ணுங்க. அதுவரைக்கும் விண்டோல "முடிக்கிறேன், கொஞ்சம் இருங்க"ன்னு ஒரு லேபிள் இருக்கட்டும், லேபிள் இருந்தா யூசர் பெரும்பாலும் காத்திருப்பாரு.