‘கொஞ்சம்தானே’ என்று விடும் இடத்தில்தான் கூரை இறங்குகிறது

நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தின் கூரையிலிருந்து ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட கல் ஒன்று பெயர்ந்து விழுகிறது என்று வையுங்கள். கனம் 20 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. அதன் எடை அரை டன். தலைக்கவசம் உதிரும் சில்லுகளுக்காகச் செய்யப்பட்டது, அரை டன் கல்லுக்கு முன் அது எதற்கும் உதவாது. கூரை விழாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் காப்பு.

பாதை எத்தனை மீட்டர் அகலம், எவ்வளவு உயரம், இடையில் வெட்டாமல் விடும் கரித்தூண் எவ்வளவு, கூரையில் துளையிட்டு ஏற்றும் இரும்புக் கம்பியான போல்ட் ஒரு வரிசைக்கு எத்தனை, துளையின் விட்டம் என்ன என்பதெல்லாம் கணக்குப் போட்டுத்தான் தீர்மானிக்கப்படுகின்றன. அந்தக் கணக்கை யாரும் ஒரே நாளில் தூக்கி எறிவதில்லை. பாதை அரை மீட்டர் கூடும், துளை நான்கு மில்லிமீட்டர் பெருக்கும், தூணின் ஓரம் ஒரு மீட்டர் உதிரும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே ‘கொஞ்சம்தானே’. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

பாதையின் அகலம்

நிலக்கரிக்கு மேலே பெரும்பாலும் களிப்பாறையும் மணற்பாறையும் அடுக்கடுக்காக இருக்கும். கரியை எடுத்ததும் கீழ் அடுக்கு இரு பக்கத் தூண்களின் மேல் கிடத்திய உத்தரம் போல ஆகிவிடுகிறது. அதில் ஏறும் இழுவிசை அகலத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், தொய்வு அகலத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடும். 4.8 மீட்டருக்கு வெட்ட வேண்டிய பாதை 5.4 மீட்டராகப் போனால் அகலம் எட்டில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் இழுவிசை ஏறத்தாழ 27 சதவீதமும் தொய்வு 60 சதவீதமும் கூடிவிட்டன. பாறை அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையில் சீக்கிரம் கீறல் விட்டுவிடும்.

நாற்சந்திகளில் இன்னும் கவனம் வேண்டும். 4.8 மீட்டர் பாதைகள் இரண்டு குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தில் மூலைக்கு மூலை அளந்தால் 6.8 மீட்டர் வரும். இயந்திரம் சுலபமாகத் திரும்பட்டும் என்று மூலைகளைச் சீவிவிட்டால் அதுவே எட்டு மீட்டரை நெருங்கும். சந்திகளில் கூடுதல் போல்ட் போடச் சொல்வது இதற்காகத்தான். அங்கே அளக்கும்போது பக்கத்துக்குப் பக்கம் அளந்தால் போதாது, இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

போல்ட்: துளைக்குள் என்ன நடக்கிறது

கூரை போல்ட்டை மேலே இருக்கும் கல்லைத் தொங்கவிடும் ஆணியாகவே பலர் நினைக்கிறார்கள். மேலே உறுதியான மணற்பாறை எட்டும் தூரத்தில் இருந்தால் அது சரிதான். மற்ற இடங்களில் போல்ட் செய்வது தையல் வேலை. தனித்தனியாகத் தொய்யும் அரை மீட்டர் அடுக்குகள் இரண்டை இறுக்கித் தைத்தால் அவை ஒரு மீட்டர் கனமுள்ள ஒரே உத்தரம் போல வேலை செய்யும். அப்போது இழுவிசை பாதியாகக் குறையும், தொய்வு கால்வாசியாகும். அடுக்குகள் பிரிவதற்கு முன்பே தைத்தால்தான் இந்தப் பலன். வெட்டிய இடத்தை அடுத்த ஷிஃப்டுக்கு விட்டுவைத்தால், பிரிந்துபோன அடுக்குகளைத்தான் வந்து தைக்க வேண்டியிருக்கும்.

இரும்பு பெரும்பாலும் ஏமாற்றாது. 4.8 மீட்டர் பாதையில் ஒரு மீட்டருக்கு ஒரு வரிசை, வரிசைக்கு நான்கு போல்ட் என்று வைத்துக்கொள்வோம். கீழே இருக்கும் ஒரு மீட்டர் கனப் பாறை முழுவதும் தளர்ந்து தொங்கினாலும் ஒரு போல்ட்டுக்கு மூன்று டன்தான் வரும். 22 மில்லிமீட்டர் உயர்வலிமைக் கம்பி ஏறத்தாழ 19 டன் வரை இழுபட்டு நீளாமல் நிற்கும். குறை வருவது கம்பியைப் பாறையோடு பிடித்துவைக்கும் ரெசின் என்னும் பசையில்தான், அதுவும் யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில்.

ரெசின் பிளாஸ்டிக் உறையில் அடைத்த குழலாக, கேப்ஸ்யூலாக, துளைக்குள் போகிறது. 23 மில்லிமீட்டர் விட்டமுள்ள கேப்ஸ்யூல், 22 மில்லிமீட்டர் கம்பி, 28 மில்லிமீட்டர் துளை என்றால், ஒரு மீட்டர் கேப்ஸ்யூல் கம்பியைச் சுற்றி ஏறத்தாழ 1.75 மீட்டர் நீளத்துக்கு நிரம்பும். 1.8 மீட்டர் போல்ட்டுக்கு அது சரியான கணக்கு. தேவைக்குப் பெரிய பிட்டைப் போட்டதாலோ துளைக்கும் கம்பி வளைந்து ஆடியதாலோ துளை 32 மில்லிமீட்டராகிவிட்டால், அதே கேப்ஸ்யூல் ஒரு மீட்டர் நீளத்தைக்கூட முழுதாக நிரப்பாது. போல்ட்டின் பாதி வெறும் கம்பியாக நிற்கும். கீழிருந்து பார்ப்பவருக்குப் பிளேட்டும் நட்டும் கச்சிதமாகவே தெரியும்.

துளையின் ஆழமும் அப்படியே. தேவைக்கு மேல் 10 சென்டிமீட்டர் துளைத்தால் ரெசினில் ஒரு பங்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். பிடிப்பு நீளத்தில் ஏறத்தாழ கால் மீட்டர் போய்விடும். ஆழம் குறைந்தாலோ போல்ட் முழுதாக ஏறாது, பிளேட் கூரையைத் தொடாது. துளைக்கும் கம்பியில் ஆழத்துக்கு ஒரு டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டால் இரண்டு தவறுமே வராது. ஐந்து நிமிட வேலை அது.

இனிச் சுழற்றுவது. வேகமாக உறையும் ரெசின் மேலேயும் மெதுவாக உறையும் ரெசின் கீழேயும் போக வேண்டும். போல்ட்டைச் சுழற்றிக்கொண்டே மேலே ஏற்றி, உச்சியைத் தொட்ட பிறகும் கேப்ஸ்யூல் உறையில் அச்சிட்டிருக்கும் விநாடிகள் வரை சுழற்றி, பிறகு அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அவசரத்தில் சுழற்றாமல் குத்தி ஏற்றினால் கேப்ஸ்யூலின் பிளாஸ்டிக் உறை கிழியாமல் கம்பிக்குக் கையுறை போலச் சுற்றிக்கொள்ளும். ரெசினும் உறைய வைக்கும் பசையும் கலக்காமலே தங்கிவிடும். ‘நன்றாகக் கலக்கட்டுமே’ என்று நேரம் தாண்டிச் சுழற்றுவது இதைவிட மோசம். உறையத் தொடங்கிய ரெசின் நொறுங்கித் தூளாகும், பிறகு அது மறுபடி ஒட்டவே ஒட்டாது. மேல் ரெசின் உறைந்து, கீழ் ரெசின் இன்னும் இளகி இருக்கும் இடைவெளியில் நட்டை இறுக்கினால்தான் அடுக்குகள் ஒன்றோடொன்று அழுந்தும். கேப்ஸ்யூல் பெட்டியை வெயிலில் போட்டு வைத்திருந்தாலோ காலாவதித் தேதி கடந்திருந்தாலோ இந்த விநாடிக் கணக்கு எதுவும் பொருந்தாது.

போல்ட்டை இழுத்துப் பிடிப்பைப் பார்க்கும் இழுவைச் சோதனையை எல்லாப் போல்ட்டிலும் செய்ய முடியாது. தேர்ந்தெடுத்துச் சோதிக்கும்போது சௌகரியமாக எட்டும் போல்ட்டை எடுக்காதீர்கள். அவசரமாகப் போட்டதும் சந்தியில் போட்டதும்தான் உண்மையைச் சொல்லும்.

துளைப்பதே ஒரு பரிசோதனை என்பதும் நினைவில் இருக்கட்டும். ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்த கம்பி திடீரென்று வழுக்கிக்கொண்டு மேலே போனால் அங்கே பிளவோ மெத்தென்ற களி அடுக்கோ இருக்கிறது. வழியும் நீரின் நிறம் மாறினால் பாறை மாறியிருக்கிறது. துளைப்பவர் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மேற்பார்வையாளர் குறித்துக்கொள்ள வேண்டும்.

தூணின் ஓரம்

200 மீட்டர் ஆழம், 20 மீட்டர் சதுரத் தூண்கள், இடையில் 5 மீட்டர் பாதை, வெட்டும் உயரம் 3 மீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். மேலே இருக்கும் பாறையின் பாரம் ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் 0.025 மெகா பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). பாதைகளின் மேலுள்ள பாரமும் தூணுக்கே வருவதால், தூணில் 7.8 மெகா பாஸ்கல் ஏறும். தூணின் வலிமைக்கு சாலமன், மன்ரோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1967-இல் தந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 7.2-ஐத் தூண் அகலத்தின் 0.46-ஆம் அடுக்கால் பெருக்கி, உயரத்தின் 0.66-ஆம் அடுக்கால் வகுக்க வேண்டும். நம் தூணுக்கு 13.8 மெகா பாஸ்கல் வரும். வலிமையைப் பாரத்தால் வகுத்தால் வரும் பாதுகாப்பு எண் 1.77. நல்ல தூண்தான்.

இப்போது நான்கு பக்கமும் ஒரு மீட்டர் உதிர்ந்துவிடுகிறது. தூண் 18 மீட்டர், பாதை 7 மீட்டர். பாரம் 9.6-ஆக ஏறுகிறது, வலிமை 13.2-ஆக இறங்குகிறது, எண் 1.37. அதன் பிறகு கூரையில் விட்டுவைத்த நல்ல கரியையும் எடுத்துவிடலாம் என்று உயரத்தை 5 மீட்டராக்கினால் எண் ஒன்றுக்குக் கீழே போய்விடுகிறது. வரைபடத்தில் அது இன்னமும் 20 மீட்டர் தூணாகவே இருக்கும். அந்த ஆபத்தை அங்கே தினமும் நடந்து போகிறவர்கள்தான் முதலில் கண்டுபிடிக்க முடியும்.

இந்தச் சூத்திரம் வந்த வழியை மறக்கக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் கோல்புரூக் சுரங்கத்தில் 1960 ஜனவரி 21 அன்று தூண்கள் அடுத்தடுத்து நொறுங்கி 400-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். அங்கே கூரைக் கரியை எடுத்து உயரத்தைக் கூட்டியிருந்தார்கள். சில வாரங்களுக்கு முன், டிசம்பர் கடைசியில், சிறிய அளவில் ஒரு சரிவும் நடந்திருந்தது. ஒரு தூண் விட்டுக்கொடுத்தால் அதன் பாரம் பக்கத்துத் தூண்களுக்குப் போகும். அவையும் விளிம்பில் நிற்பவையாக இருந்தால் சரிவு எங்கும் நிற்காது. அதன் பிறகு நடந்த ஆய்வில் நிலைத்து நின்ற 98 இடங்களையும் சரிந்த 27 இடங்களையும் ஒப்பிட்டுத்தான் மேலே சொன்ன எண்களைக் கண்டார்கள்.

தட்டிக் கேட்பது

போல்ட் போட்ட கூரையின் கீழ் நின்றுகொண்டு, போடாத பக்கத்தை நோக்கிக் கூரையைக் கம்பியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். ஒருபோதும் எதிர்த்திசையில் தொடங்கக் கூடாது. கெட்டியான பாறை ‘கணீர்’ என்று ஒலிக்கும், பிரிந்த பாறை உள்ளே காற்று இருக்கும் பானை போல ‘தொப்’ என்று கேட்கும். காதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு கையால் தட்டும்போது மறு கையின் விரல் நுனிகளைக் கூரையில் வையுங்கள். பிரிந்த கல் விரலுக்கு அதிரும். உயரமான கூரைக்கு நீளமான கம்பியை ஒரு கையில் ஊன்றியும் அந்த அதிர்வைப் பிடிக்கலாம். தளர்ந்த கல்லை நெம்பும்போது கம்பி உடம்புக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே பிடித்தால் விழும் கல் கம்பி வழியாகவே வந்து நெஞ்சில் குத்தும். பின்வாங்கும் வழியில் கேபிளோ கட்டையோ கிடந்தால் முதலில் அதை அகற்றுங்கள்.

தட்டுவதில் தெரிவது கீழ் அடுக்குகள் மட்டும். போல்ட்டின் முனைக்கு மேலே நடக்கும் பிரிவு அந்த ஒலியில் வராது. அதற்குத்தான் டெல்-டேல் என்னும் எளிய அளவுகோல். ஒரே துளையில் இரண்டு நங்கூரங்கள்: ஒன்று போல்ட் முனையின் மட்டத்தில், மற்றது அதற்கும் பல மீட்டர் மேலே. கீழே தொங்கும் வண்ணப் பட்டைகளில் முதலாவது நகர்ந்தால் போல்ட் தைத்த பகுதிக்குள்ளேயே பிரிவு, அதாவது போல்ட் போதவில்லை அல்லது பிடிக்கவில்லை. இரண்டாவது நகர்ந்தால் தைத்த கட்டு முழுவதுமே கீழே இறங்குகிறது. அப்போது இன்னும் நான்கு சாதாரண போல்ட் போட்டுப் பயனில்லை, நீளமான கேபிள் போல்ட்தான் வேண்டும்.

சில அறிகுறிகளுக்குக் கருவியே வேண்டாம். பிளேட் கிண்ணம் போல வளைவது, உலர்ந்த இடத்தில் புதிதாகச் சொட்டும் நீர், பாதை ஓரத்தில் கூரையோடு நீளமாக ஓடும் கீறல், கூரையிலிருந்து மாவு போல உதிரும் துகள், மரத்தூண் முனகும் சத்தம், தரை புடைப்பது. ஈரக் காற்று அதிகம் இறங்கும் மாதங்களில் களிப்பாறை ஊறி அடுக்கு அடுக்காகக் கழலும். போன மாதம் நன்றாக இருந்த கூரை என்பதால் இந்த மாதமும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

விழப்போவதற்கு இப்படி எந்த அறிகுறியும் காட்டாத ஒன்றும் உண்டு. நின்ற நிலையிலேயே கல்லாகிப்போன பழங்கால மரத்தின் அடித்தண்டு கூரையில் புதைந்திருக்கும். கீழே அகன்று, மேலே குறுகி, சுற்றிலும் வழுவழுப்பான மெல்லிய கரித்தோலோடு இருப்பதால் அதைப் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. ஒரு நொடியில் குழவிக்கல் போல நழுவி விழும். கூரையில் வட்டமாக ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் அதை நெம்பிப் பார்க்காதீர்கள். வட்டத்துக்கு வெளியே போல்ட் போட்டு, குறுக்கே இரும்புப் பட்டை கொடுத்துத் தாங்குங்கள்.

கூரை விழுந்த பிறகு, குவியலின் மேல் ஏறிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். நல்ல கூரையிலிருந்து தொடங்கி, தாங்கலைப் போட்டுக்கொண்டே ஒவ்வொரு அடியாகத்தான் உள்ளே போக வேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள கிராண்டல் கேன்யன் சுரங்கத்தில் 2007 ஆகஸ்ட் 6 அன்று தூண்கள் வெடித்துச் சரிந்து ஆறு பேர் சிக்கிக்கொண்டார்கள். பத்து நாள் கழித்து, அவர்களை மீட்கப் போனவர்கள் மேல் பக்கச்சுவர் வெடித்து மேலும் மூவர் இறந்தார்கள். சரிந்துவிட்டதாலேயே பாரம் தீர்ந்துபோவதில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஷிஃப்ட் முடியும்போது பலகையில் நான்கு எண்களை எழுதுங்கள்: பாதையின் அகலம், உயரம், கடைசிப் போல்ட் வரிசையிலிருந்து கரி வெட்டும் முகப்பு வரை உள்ள தூரம், டெல்-டேல் அளவு. போன ஷிஃப்டின் அளவுக்கும் இதற்கும் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால்கூட, உள்ளே வரும் குழுவைப் பாதையிலேயே நிறுத்தி நேரில் சொல்லிவிட்டு மேலே ஏறுங்கள்.