எல்லாம் நீலமாகத் தெரிந்தால் எந்தப் புற்று?

வெளியூரில் பயாப்ஸி எடுத்த குழந்தையைச் சென்னைக்கு அழைத்து வரும் பெற்றோரிடம், "பிளாக்கையும் ஸ்லைடையும் வாங்கிட்டு வாங்க" என்பார்கள். ஃபார்மலினில் ஊறிய திசுத்துண்டை மெழுகில் பதித்த சின்னக் கட்டிதான் பிளாக். அதை 4 மைக்ரான் தடிமனில் சீவி, சாயமேற்றிப் பார்க்கிறார்கள்.

குழந்தைப் புற்றுகளில் சிக்கல் இங்கேதான் ஆரம்பம். ஈவிங் சார்கோமா, நியூரோபிளாஸ்டோமா, ராப்டோமயோசார்கோமா, சில லிம்போமாக்கள் எல்லாமே மைக்ராஸ்கோப்பில் சின்னச் சின்ன நீல உருண்டைகளாகத் தெரியும். சிகிச்சையோ ஒவ்வொன்றுக்கும் வேறு. அதனால் செல்லின் தோற்றத்தோடு நிற்காமல், அது எந்தப் புரதத்தைத் தயாரிக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

ஈவிங் சார்கோமாவில் பெரும்பாலும் 11ஆம், 22ஆம் குரோமோசோம்கள் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. இ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 ஜீனின் முன்பாதியும் எஃப்.எல்.ஐ.1 ஜீனின் பின்பாதியும் சேர்ந்து, ஆரோக்கியமான உடம்பில் இல்லாத ஒரு புரதத்தை உண்டாக்குகின்றன. பின்பாதி டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ள, முன்பாதி அங்கே அடங்கிக் கிடந்த ஜீன்களைக் கிளப்பிவிடுகிறது. 1992இல் இந்தக் கூட்டு வெளிச்சத்துக்கு வந்தது.

சரி, குறிப்பிட்ட புரதத்தில் போய் ஒட்டும் ஆன்டிபாடியைப் போட்டு அந்தப் புரதத்தையே பிடித்துவிடலாமே? முதலில் ஃபார்மலின் இறுக்கிவைத்த புரதங்களைத் தளர்த்த வேண்டும். அதற்காக ஸ்லைடுகளை பஃபர் கரைசலில் போட்டுச் சூடாக்குவார்கள்; இதற்கு பிரஷர் குக்கரையே பயன்படுத்தும் ஆய்வகங்கள் உண்டு. அப்புறம் ஆன்டிபாடி, அதன்மேல் என்சைம், கடைசியில் நிறமி. புரதம் உள்ள இடம் பழுப்பாகும்.

ஆனால் எஃப்.எல்.ஐ.1 ஆன்டிபாடி, ரத்தக்குழாய்ச் சுவரிலும் லிம்போசைட் என்ற வெள்ளணுவிலும் இயல்பாக உள்ள எஃப்.எல்.ஐ.1 புரதத்திலும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே குற்றவாளியை விட்டு, அது செய்த காரியத்தைத் தேடுகிறார்கள். இந்தக் கூட்டுப் புரதம் கிளப்பிவிடும் ஜீன்களில் ஒன்று என்.கே.எக்ஸ்2.2. அதன் புரதம் செல்லின் உட்கருவிலும், சி.டி.99 என்ற இன்னொரு புரதம் செல்லின் விளிம்பிலும் பழுப்பாகத் தெரிந்தால் ஈவிங் மேல் சந்தேகம் வலுக்கும். சி.டி.99ஐ மட்டும் நம்ப முடியாது. லிம்போமாவிலும் அது பழுப்பாகும். இ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 ஜீன் உண்மையிலேயே உடைந்திருக்கிறதா என்பதை, ஜீனின் இருபுறமும் சிவப்பும் பச்சையுமாக ஒளிரும் குறிகளை ஒட்டிப் பார்க்கும் ஃபிஷ் சோதனை காட்டும்: ஒட்டியிருக்க வேண்டிய சிவப்பும் பச்சையும் தனித்தனிப் புள்ளிகளாக விலகி நிற்கும்.

ராப்டாய்டு கட்டி என்ற இன்னொரு குழந்தைப் புற்றில் கதை தலைகீழ். அங்கே பெரும்பாலும் ஐ.என்.ஐ.1 என்ற காவல் புரதம் காணாமல் போயிருக்கும். புற்றுச் செல்கள் நீலமாகவே இருக்க, அந்தப் புரதம் இயல்பாகவே உள்ள, நடுவே ஓடும் ரத்தக்குழாய்கள் பழுப்பாக வேண்டும். குழாயும் நீலமாக இருந்தால் சோதனையே சரியாக நடக்கவில்லை என்று அர்த்தம். ஸ்லைடை மறுபடி போட வேண்டியதுதான்.