பயண முதலுதவிப் பையில் மாத்திரை குறையட்டும், கட்டுத்துணி கூடட்டும்

மலையேற்றம், முகாம், மிதிவண்டிப் பயணம் என்று வெளியில் சென்று அடிபட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்களின் முதலுதவிப் பைகளில் மாத்திரை அட்டைகளும் விரலுக்கு ஒட்டும் சிறு பிளாஸ்திரிகளும் நிறைந்திருக்கும். ஆழமான வெட்டிலிருந்து பெருகும் இரத்தத்தை நிறுத்தப் போதிய துணி மட்டும் பெரும்பாலும் இருக்காது.

இரத்தப்போக்கை நிறுத்த முதலில் வேண்டியது அழுத்தம். காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து, நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்காமல், குறைந்தது 10 நிமிடம் உள்ளங்கையால் இறுக அழுத்திப் பிடிக்க வேண்டும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்த வேண்டியிருப்பதால், கிருமி நீக்கிய காஸ் துணிகள் (காயத்தின் மேல் வைக்கும் மெல்லிய வலைத்துணி), இழுபடும் அகலமான கிரேப் பேண்டேஜ் இரண்டு, முக்கோணக் கட்டுத்துணி, கையுறைகள், கத்தரிக்கோல் ஆகியவற்றுக்கே பையில் முதலிடம். காயத்தைக் கழுவச் சுத்தமான குடிநீர் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஆரோக்கியமான திசுவையும் பாதிக்கும். பஞ்சின் இழைகள் காயத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடலாம்.

பாம்புக்கடிக்கென்று விற்கப்படும், கத்தியும் உறிஞ்சு குழலும் கொண்ட பெட்டிகளை வாங்கவே வேண்டாம் என்பேன். கடிவாயைக் கீறுவதும், உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் தீங்கையே கூட்டும். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து விரைவாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதுதான் செய்யத்தக்கது. அசையாமல் வைப்பதற்கும் மேற்சொன்ன துணிகளே உதவும்.

மருந்துகளில் பாராசிட்டமாலும், நீரிழப்பை ஈடுசெய்யும் உப்பு-சர்க்கரைக் கலவையான ஓ.ஆர்.எஸ். பொடியும் அவசியம். பொடியைப் பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவு நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும்; பாதிப் பொடியைக் கண்ணளவில் கரைப்பது தவறு. வெயிலில் நடந்து நீரிழந்திருப்பவருக்கு ஐபுபுரோஃபன் என்ற வலி மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், பொதுப்பையில் அதை வைக்க நான் பரிந்துரைப்பதில்லை. ஆஸ்துமா, நீரிழிவு, கடும் ஒவ்வாமை உள்ளவர்கள் தங்கள் இன்ஹேலரையும் மருந்துகளையும் ஊசிகளையும் தங்களிடமே, உடனே எடுக்கும்படி வைத்திருக்க வேண்டும்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் பையை விட்டுவைத்தால் மருந்துகள் வீரியம் இழக்கும், பிளாஸ்திரியின் பசை கெடும், இன்சுலின் பயனற்றுப் போகும். ஆகவே பையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; மற்ற மூட்டைகளுக்கு அடியில் வைக்காதீர்கள். ஒவ்வொருவரின் ஒவ்வாமை, அன்றாட மருந்துகள், உறவினர் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிய தாளை நீர் புகாத உறையிலிட்டு, பையைத் திறந்ததும் கண்ணில் படுமாறு மேலே வையுங்கள். காயமடைந்தவர் பேச முடியாத நிலையில் வரும்போது அவசர சிகிச்சைப் பிரிவில் நாங்கள் முதலில் கேட்பது அந்த விவரங்களைத்தான்.