புகுபதிகை: லாகினுக்குள் ஒரு மரக்கட்டை

"தம்பி, லாகின் ஆக மாட்டேங்குது, கொஞ்சம் வந்து பாரு." சென்னையில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழக அலுவலகத்தில் மாதக் கடைசி ஆனால் இந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். மின்னஞ்சல், சம்பளச் சீட்டு, விடுப்பு விண்ணப்பம் எல்லாம் இப்போது ஒரே லாகினுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. தினமும் பத்து முறை சொல்லும் இந்தச் சொல் கடலிலிருந்து வந்தது.

ஆங்கிலத்தில் லாக் என்றால் மரக்கட்டை. பாய்மரக் கப்பல் காலத்தில் வேகத்தை அளக்க, ஒரு கட்டையைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்பக்கம் கடலில் போடுவார்கள். கட்டை தண்ணீரில் கிட்டத்தட்ட போட்ட இடத்திலேயே நிற்கும். கப்பல் போகப்போகக் கயிறு உருவிக்கொண்டு ஓடும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணற்கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கை வழியாகப் போனதோ அதுதான் வேகம். கப்பல் வேகத்தை இன்றும் 'நாட்' என்று சொல்வது இந்த முடிச்சை வைத்துத்தான். அளந்ததை எழுதிய ஏடு லாக் புக். பிறகு, நேரம் போட்டு எழுதும் எந்தப் பதிவுக்கும் லாக் என்றே பேர் வந்துவிட்டது. நம் கட்டுமரம் அங்கே போய்க் கேட்டமரான் ஆனது. அவர்கள் மரக்கட்டை நம் கம்ப்யூட்டருக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். என்ற ஏற்பாடு வந்தது. யார், எப்போது உள்ளே வந்தார் என்று கணினிக்குத் தெரிய வேண்டும். அதற்கான கட்டளைதான் லாகின்: லாக் என்றால் பதிவு, இன் என்றால் உள்ளே. கடவுச்சொல்லும் அங்கே கூடவே வந்தது.

சரி, தமிழில்? 'உள்நுழை' என்ற சொல்தான் திரையில் அதிகம் தெரிகிறது. தவறில்லை, எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் அதில் பாதிப் பொருள்தான் இருக்கிறது, பதிவைக் காணோம். தமிழ் விக்கிப்பீடியா பயன்படுத்தும் 'புகுபதிகை'யில் இரண்டும் இருக்கின்றன. புகு நமக்குப் பழகிய சொல்தான். புதுமனை புகுவிழா அழைப்பிதழ் வராத வீடு உண்டா? பிளஸ் டூ வருவதற்கு முன் படித்தவர்களுக்குப் புகுமுக வகுப்பு நினைவிருக்கும். வருகை, செய்கை போலப் பதி என்பதிலிருந்து பதிகை. சிலர் 'புகுப்பதிகை' என்று எழுதுகிறார்கள். அது வேண்டாம். இது ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது.

எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. 'வீடு புகுந்து திருட்டு' என்று செய்தித்தாளில் வருவதும் அதே புகுதல்தான். விருந்தாளியும் புகுகிறார், திருடனும் புகுகிறான். யார், எத்தனை மணிக்கு என்று பதிவாகும்போதுதான் நமக்குப் பிடி கிடைக்கிறது. எங்கள் அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டில் காலை 10.10க்குச் சிவப்பு மையால் ஒரு கோடு விழும். கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர் யாரும் சீக்கிரம் வந்தேன் என்று சொல்ல முடியாது. மின்னஞ்சல் கணக்கிலும் அப்படி ஓர் ஏடு உண்டு. பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை.

போன மாதம் எங்கள் பிரிவு அக்கா ஒருவர், படித்திராத கடிதமெல்லாம் படித்ததாகக் காட்டுகிறது என்றார். கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் சமீபத்திய செயல்பாடுகளைத் திறந்தோம். வரிசையாக நேரமும் சாதனமும். ஞாயிறு காலை 11.40, ஒரு விண்டோஸ் கணினி.

"ஞாயித்துக்கிழமையா? நான் கபாலி கோயில்ல இருந்தேனே!"

கொஞ்ச நேரம் யோசித்தார். சனிக்கிழமை சாயங்காலம் திருவல்லிக்கேணியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மின்னஞ்சலைத் திறந்து, ஒரு படிவம் பிரின்ட் எடுத்து, காசு கொடுத்துவிட்டு அப்படியே வந்திருக்கிறார். ஜன்னலை மூடினார், விடுபதிகை செய்யவில்லை. லாக் அவுட்டுக்குத் தமிழ் அதுதான், விடுபதிகை. உலாவியின் ஜன்னலை மூடுவது கதவைச் சாத்துவது மாதிரி, பூட்டுவது ஆகாது. அடுத்து உட்கார்ந்தவர் அதே பக்கத்தைத் திறந்தால் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விட்டுவிடலாம்.

எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றினோம். கடவுச்சொல்லை மாற்றினோம். செல்பேசியில் கேட்டு உறுதிசெய்யும் இரண்டாம் படியையும் போட்டோம். அப்புறம் அக்கா அந்தப் பட்டியலை மறுபடி மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். "இது நான். இதுவும் நான். இது வீட்ல பையன் போன்ல பாத்தது."