ஸ்வெட்ஷாப்: ‘வியர்வைக் கூடம்’ அன்று

நியூயார்க் நகரின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் குடியேறிய யூதர்களைப் பற்றித் தமிழில் வரும் மொழிபெயர்ப்புகளில், குறைந்த கூலிக்கு ஆட்களை வருத்தி வேலை வாங்கும் இடத்தைக் குறிக்கும் ‘ஸ்வெட்ஷாப்’ என்ற ஆங்கிலச் சொல் ‘வியர்வைக் கூடம்’ என்றும் ‘வியர்வைக் கடை’ என்றும் சலிக்காமல் எழுதப்பட்டு வருகிறது. இரண்டுமே பிழை.

‘ஸ்வெட்’ என்றால் வியர்வை என்பது உண்மையே. ஆயினும் இச்சொல்லில் அது ஆளை வருத்தி வேலை வாங்கும் வினையைக் குறிக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் தையல் தொழிலில், அப்படி வேலை வாங்கிய இடைத்தரகரையே ‘ஸ்வெட்டர்’ என்றார்கள். ‘ஷாப்’ என்பது வேலையிடம். நியூயார்க் யூதர்களின் இத்திஷ் மொழியிலும் அச்சொல் அப்பொருளிலேயே வழங்கியது. வாங்குபவர் எவரும் வராத இடத்துக்குக் ‘கடை’ என்ற பெயர் எப்படிப் பொருந்தும்?

1881க்குப் பின் ரஷ்யப் பேரரசின் வன்முறைக்கும் வறுமைக்கும் தப்பி வந்தவர்களில் பெரும்பகுதியினர் தையல் தொழிலில் சேர்ந்தார்கள். உற்பத்தியாளர் துணியை வெட்டி மூட்டையாகக் கட்டிக் கொடுப்பார். ஒப்பந்தக்காரர் அதைத் தம் வாடகைக் குடியிருப்புக்குக் கொண்டுபோய், இயந்திரத்தில் தைப்பவர், கையால் ஓட்டுத் தையல் போடுபவர், இஸ்திரி போடுபவர் எனச் சிலரை வைத்து முடித்துக் கொடுப்பார். அப்பகுதியின் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் கட்டடத்தில் ஹாரிஸ் லெவின் என்பவர் 1890களில் நடத்திய பட்டறை, சுமார் 325 சதுர அடியில் மூன்று அறைகள் கொண்ட வீடு. அவருடைய குடும்பம் வாழ்ந்ததும் அங்கேதான். ஒப்பந்தக்காரர்கள் ஒருவருக்கொருவர் போட்டியிட்டு விலையைக் குறைத்தபோது, குறைப்பதற்கு அவர்கள் கையில் எஞ்சியது உருப்படிக் கூலி மட்டுமே. பல வேளைகளில் அந்த ஒப்பந்தக்காரரும் சில ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்திறங்கி, தாமும் இயந்திரத்தின் முன் அமர்ந்து உழைத்தவர்தான். மேலிருந்து கீழ்வரை இறங்கிய இந்த நெருக்கடியே சொல்லின் உயிர். ‘வியர்வைக் கூடம்’ என்று எழுதினால், வெக்கையான, காற்றோட்டமற்ற ஓர் இடம் என்பதோடு வாசகரின் எண்ணம் நின்றுவிடுகிறது.

சிலர் ‘கொத்தடிமைக் கூடம்’ என்கிறார்கள். இது இன்னும் பெரிய தவறு. கொத்தடிமை என்பவர் வாங்கிய முன்பணத்துக்குக் கட்டுண்டவர். லோயர் ஈஸ்ட் சைடு தொழிலாளர்களை அப்படிக் கடன் கட்டிப்போடவில்லை. அவர்கள் பட்டறை மாறினார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள், 1900இல் பெண்கள் ஆடைத் தொழிலாளர்களுக்கான பன்னாட்டுச் சங்கத்தையே நிறுவினார்கள். பரிவோடு எழுதுவதாக எண்ணிக்கொண்டு அந்தப் போராட்டத்தை ஒரே சொல்லில் அழிப்பது மொழிபெயர்ப்பாகாது.

‘ஆளைக் கசக்கிப் பிழிகிறான்’ என்று நாம் அன்றாடம் சொல்கிறோமே, அதுவே ‘ஸ்வெட்’ என்னும் வினைக்கு நேரான தமிழ். வேலையிடத்துக்குக் கொல்லர், நகைத் தொழிலாளர் வழங்கும் ‘பட்டறை’ இருக்கிறது. ஆகவே ‘பிழிவுப் பட்டறை’ என்பதே என் பரிந்துரை. வினைத்தொகையாகப் ‘பிழிபட்டறை’ எனலாம். ஆனால் அதைப் ‘பிழிபட்ட அறை’ என்று பிரித்துப் படிக்கவும் இடமுண்டு.

இச்சொல்லை எங்கும் ஒட்டிவிடவும் கூடாது. 1911 மார்ச் 25 அன்று தீயில் 146 பேரைப் பலிகொண்ட டிரையாங்கிள் என்னும் நியூயார்க் ஆடை நிறுவனம், பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று தளங்களில் இயங்கிய தொழிற்சாலை. அதைத் தொழிற்சாலை என்றே எழுத வேண்டும்.