குத்துவிளக்குக் கடையில் 5411

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் சென்ற மாதம் எழுதிய கடிதத்தோடு மூன்று ரசீதுத் துண்டுகளையும் வைத்து அனுப்பியிருந்தார். கார்டு மெஷின் துப்புகிற வழவழப்பான வெள்ளைத் தாள். இரண்டில் எழுத்து வெளிறிப் போய்விட்டது. மூன்றாவதில் தொகை மட்டும் தெரிந்தது: ரூ.20,000.

"அன்றைக்குக் கடையில் இருபதாயிரத்துக்கு விளக்கு விற்கவே இல்லை சார். என் மகன் தன்னுடைய கிரெடிட் கார்டை நம் கடை மெஷினிலேயே தேய்த்திருக்கிறான். கேட்டால், 'பணம் நாளைக்கு உங்கள் கணக்குக்கு வந்துவிடும் அப்பா, அதை என்னிடம் கொடுங்கள், நான் கார்டு பில்லைக் கட்டிவிடுகிறேன், நடுவில் பாயிண்ட் மிச்சம்' என்கிறான். அமெரிக்காவில் இதையே கிஃப்ட் கார்டு வாங்கிச் செய்கிறார்களாம். ஒரு பொருளும் கைமாறாமல் லாபம் எங்கிருந்து வரும்? இது அறிவியலா, கண்கட்டு வித்தையா?"

இரண்டும் இல்லை, நீரோட்டம். டெல்டாக்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. நம் கடை மெஷினில் ரூ.20,000 தேய்த்தால் கணக்குக்கு ரூ.20,000 வருவதில்லை. கட்டணம் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ரூ.400 வழியிலேயே போகிறது. அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, அது ரூ.72. மிச்சம் ரூ.19,528தான் வந்து சேரும். அந்த ரூ.400இல் பெரும்பங்கு, கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. இன்டர்சேஞ்ச் என்பது இதன் பெயர். சிறு பங்கு விசா, ரூபே போன்ற கார்டு நெட்வொர்க்குக்கு, மீதி மெஷின் கொடுத்த வங்கிக்கு. கார்டு கொடுத்த வங்கி தன் பங்கிலிருந்து கொஞ்சம் திருப்பித் தருவதுதான் பாயிண்ட். பில்லை முழுதாகக் கட்டாதவர்களிடம் மாதம் 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம் வசூலிக்கும் வட்டியும் அந்தப் பாத்திரத்தில்தான் விழுகிறது. ஆக, பாயிண்ட் என்பது கடைக்காரரின் பையிலிருந்தும் கடனாளியின் பையிலிருந்தும் வருவது. வானத்திலிருந்து பெய்வதில்லை.

சந்தேகம் இருந்தால் யூபிஐயைப் பாருங்கள். 2020 ஜனவரி 1 முதல் அதில் கடைக்காரரிடம் கட்டணம் எடுக்கக் கூடாது. நாம் வங்கிக் கணக்கிலிருந்து ஸ்கேன் செய்து வாங்கும் வாழைப்பழத்துக்கு வங்கி பாயிண்ட் தராததன் காரணம் அதுதான். அமெரிக்காவில் 2011இல் பெரிய வங்கிகளின் டெபிட் கார்டுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வந்தது. கொஞ்ச நாளில் டெபிட் கார்டுப் பரிசுகள் வற்றின. வாய்க்கால் தலைப்பில் ஷட்டரை இறக்கினால் கடைமடை காயும்.

இப்போது மகனின் கணக்கு. சாதாரணக் கார்டாக இருந்தால் 1 சதவீதம், அதாவது ரூ.200 பெறுமான பாயிண்ட். அப்பாவுக்கு நஷ்டம் ரூ.472. (ஜிஎஸ்டியைக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம் என்பதை விடுங்கள்.) குடும்பமாகப் பார்த்தால் கையைக் கடிக்கும் வியாபாரம். பையன் கணக்குத் தெரியாதவனா என்று கேட்டு எழுதினேன். பதிலில் கார்டின் விவரம் வந்தது: மளிகைக் கடைகளில் 5 சதவீதம், மாதத்துக்கு ரூ.1,000 வரை. இருபதாயிரத்தில் 5 சதவீதம் சரியாக ஆயிரம். பையன் கணக்கில் புலி.

ஆனால் அது விளக்குக் கடை. பித்தளைக்கு எப்படி மளிகைப் பாயிண்ட்?

இந்த இடத்துக்கு வரத்தான் இவ்வளவு வேகமாக ஓடி வந்தேன். கார்டைத் தேய்த்ததும் மெஷினிலிருந்து வங்கிக்கு ஒரு செய்தி போகிறது. அதன் இலக்கணத்தின் பெயர் ஐஎஸ்ஓ 8583; முதல் பதிப்பு 1987இல் வந்தது. தொலைபேசிக் கம்பியில் மோடம் முனகிக்கொண்டு ஊர்ந்த காலம் அது. ஒவ்வோர் எழுத்துக்கும் நேரமும் காசும் ஆகும். அதனால் அதை வடிவமைத்தவர்கள் மகா சிக்கனக்காரர்கள்.

செய்தியில் முதலில் நான்கு இலக்கம். 0100 என்றால் "இந்தச் செலவை அனுமதிக்கலாமா?" என்ற கேள்வி. 0110 என்றால் அதற்கான பதில். அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி: 64 பிட்டுகள் கொண்ட ஒரு வரைபடம்.

கல்லணையில் ஷட்டர்கள் வரிசையாக நிற்பதை மனத்தில் கொண்டுவாருங்கள். எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று மதகைக் கவனிக்கும் லஸ்கர் ஒரு நோட்டில் குறிக்க வேண்டும். "முதலாவது மூடியிருக்கிறது, இரண்டாவது திறந்திருக்கிறது" என்று எழுதிக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். மூடியதற்கு 0, திறந்ததற்கு 1 என்று வரிசையாகப் போட்டால் வேலை முடிந்தது. இந்தச் செய்தியும் அப்படித்தான். 64 மதகுகள், வரிசைக்கு எட்டாக எட்டு வரிசை. ஒவ்வொரு மதகுக்குப் பின்னாலும் ஒரே ஒரு வகைத் தகவல். 2ஆம் மதகில் கார்டு எண், 3இல் என்ன வகைப் பரிவர்த்தனை, 4இல் தொகை, 7இல் அனுப்பிய தேதியும் நேரமும். முதல் வரிசையில் இந்த நான்கு மட்டும் திறந்திருந்தால் 0111 0010. நான்கு பிட்டுக்கு ஒரு குறி என்று பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்ணில் எழுதினால் 72. இரண்டே குறியில் எட்டு மதகின் நிலவரம்! மூடிய மதகுக்குப் பின்னால் எதையும் அனுப்பவே வேண்டாம். படிக்கிற கணினி வரைபடத்தைப் பார்த்துத் தாண்டிப் போய்விடும். வெற்றிடத்துக்குக்கூட இடம் ஒதுக்காத இந்தக் கஞ்சத்தனத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றும்.

நம் ரூ.20,000 நான்காம் மதகு வழியே எப்படிப் போகும் தெரியுமா? பைசாவில், பன்னிரண்டு இலக்கமாக: 000002000000. புள்ளி கிடையாது, கமா கிடையாது. ரூபாயா டாலரா என்பது 49ஆம் மதகில். இந்திய ரூபாய்க்கு 356. ஏழாம் மதகின் நேரம் கிரீன்விச் நேரம், நம்முடையதைவிட ஐந்தரை மணி பின்னால். கடிதக்காரர் வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் கார்டு வாங்க மாட்டாராம். பன்னிரண்டு மணிவரை காத்திருந்துவிட்டு அவர் அனுப்பும் செய்தியில் நேரம் காலை ஆறரை என்றுதான் பதிவாகும். அது யாருடைய ராகு காலம் என்று அவரிடமே கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

மூன்றாவது வரிசையில் இரண்டாவது மதகு, அதாவது 18. கடையின் தொழில் வகை. நான்கே இலக்கம். உணவகத்துக்கு 5812, பெட்ரோல் பங்குக்கு 5541, நகைக் கடைக்கு 5944, விவசாயக் கூட்டுறவுக்கு 0763. மளிகைக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் 5411. வங்கிக் கணினி உங்களுக்கு எத்தனை சதவீதம் தரலாம் என்று முடிவு செய்வது பெரும்பாலும் இந்த நான்கு இலக்கத்தைப் பார்த்துத்தான்.

64 மதகையும் துழாவிப் பாருங்கள். "என்ன வாங்கினார்" என்று சொல்வதற்கு ஒன்று கூட இல்லை. அவரவர் விருப்பத்துக்கு என்று விட்ட சில புலங்கள் உண்டு. ஆனால் சாதாரணக் கடை பில்லில் இருக்கும் துவரம்பருப்பும் நல்லெண்ணெயும் அதில் போவதில்லை. செய்திக்கு எந்தக் கடை, எவ்வளவு தொகை என்பது தெரியும். கூடைக்குள் என்ன என்பது தெரியாது. மேனுஃபேக்சர்டு ஸ்பெண்டிங் என்று அமெரிக்கர்கள் பெயர் சூட்டியிருக்கும் செலவு உற்பத்தி விளையாட்டு முழுவதும் இந்த ஒரு குருட்டுப் புள்ளியில்தான் நடக்கிறது.

அந்த நாட்டு சூப்பர் மார்க்கெட்டில் பருப்பு அலமாரிக்குப் பக்கத்திலேயே 500 டாலர் கிஃப்ட் கார்டு தொங்கும். விலை சில ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 506 டாலர். மளிகைக்கு 5 சதவீதம் தரும் கார்டில் வாங்கினால் 25 டாலர் திரும்பக் கிடைக்கும். 18ஆம் மதகு 5411 என்று மட்டும்தான் சொல்கிறது. வாங்கியது கத்தரிக்காயா கிஃப்ட் கார்டா என்று வங்கிக்குத் தெரியாது. அந்தக் கிஃப்ட் கார்டுக்கு ரகசிய எண் (PIN) உண்டு, டெபிட் கார்டு போலவே நடந்துகொள்ளும். அதைக் கொடுத்து மணியார்டர் (அங்கே அது வங்கியில் போடக்கூடிய, காசோலை போன்ற சீட்டு) வாங்கி, மணியார்டரைத் தன் கணக்கிலேயே போட்டு, கிரெடிட் கார்டு பில்லைக் கட்டிவிடலாம். மணியார்டர் கட்டணமும் சேர்த்துச் செலவு ஏழு டாலர், வரவு இருபத்தைந்து. மறுநாள் மறுபடி.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஓர் இயற்பியலாளர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் வருத்தம். 2013, 2014 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அவரும் மனைவியும் கார்டுகளில் தேய்த்தது 64 லட்சம் டாலருக்கும் மேல். கிடைத்த பரிசு மூன்று லட்சத்தைத் தாண்டியது. வருமான வரித்துறை அதை வருமானம் என்றது. 2021இல் வரி நீதிமன்றம் அழகாகப் பிரித்தது: கிஃப்ட் கார்டு என்பது ஒரு பொருள், அதை வாங்கியதற்குத் திரும்ப வந்தது விலைத் தள்ளுபடி, வரி இல்லை. கார்டைக் கொடுத்து நேராக மணியார்டர் வாங்கினீர்களே, அங்கே பொருளே இல்லை, பணத்தைக் கொடுத்துப் பணம் வாங்கினீர்கள், அதற்கு வந்தது வருமானம், வரி கட்டுங்கள்.

அதற்கு முன்பே நாணய வேடிக்கை ஒன்று நடந்தது. ஒரு டாலர் நாணயங்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவர அமெரிக்க நாணயச் சாலை 2008 முதல் முகமதிப்புக்கே, தபால் செலவில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவைத்தது. கிரெடிட் கார்டும் வாங்கிக்கொண்டது. பாயிண்ட் வேட்டைக்காரர்கள் பெட்டி பெட்டியாக வரவழைத்து, அப்படியே வங்கியில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2011 ஜூலையில் கார்டை நிறுத்திவிட்டார்கள்.

இந்தியாவில் இந்தச் சுழல் எளிதில் மூடாது. ரிசர்வ் வங்கி விதிப்படி, பல கடைகளில் செல்லும் ப்ரீபெய்டு கிஃப்ட் கார்டின் உச்சம் ரூ.10,000. பணமாக எடுக்க முடியாது, மறுபடி நிரப்ப முடியாது, இன்னொருவர் கணக்குக்கு அனுப்ப முடியாது. (மொய் எழுதுகிறவர்கள் கவனிக்க: அந்த ஒரு ரூபாயைச் சேர்த்து 10,001 போட முடியாது.) நீர் உள்ளே போகும், வெளியே வராது. அதனால் இங்கே கிஃப்ட் கார்டு ஆட்டம் வேறு மாதிரி: எப்படியும் செலவு செய்யப்போகும் கடையின் வவுச்சரை, வங்கியின் சொந்த இணையதளத்தில் அதிகப் பாயிண்டுக்கு முன்கூட்டியே வாங்கி வைப்பது. இதில் கள்ளத்தனம் ஒன்றுமில்லை, பொறுமைதான் வேண்டும். எனக்கு அது போதவில்லை. மகளின் வளைகாப்புப் புடவைக்கென்று ஒரு ஜவுளிக் கடையின் வவுச்சர்களை வாங்கிவைத்து, கும்பகோணம் கிளைக்குப் போய் நின்றேன். கல்லாவில் இருந்தவர் என் கைப்பேசியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்துவிட்டு, "இது எங்கள் கிளையில் செல்லாது சார், சென்னையில் செல்லும்" என்றார். பாயிண்டில் மிச்சம் பிடித்ததைவிட ரயில் டிக்கெட் அதிகம்.

வெளியே வராத நீருக்கு ஒரு வடிகால் வேண்டும். நாச்சியார்கோவில் பையன் கண்டுபிடித்தது அந்த வடிகாலைத்தான்: அப்பாவின் கடை. ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால், மூன்றாம் மதகில் 01 என்று தொடங்கும் எண் போகும். ரொக்கம் என்று அர்த்தம். அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும், பாயிண்டும் கிடையாது. கடை மெஷினில் தேய்த்தால் 00, அதாவது பொருள் வாங்கியது. அதே பணம், மதகில் பொய்.

பொய்தான், அதில் மழுப்ப ஒன்றுமில்லை. பொருள் விற்காமல் கார்டு தேய்த்துப் பணம் கொடுக்கக் கூடாது என்பது மெஷின் கொடுக்கும்போது கடைக்காரர் கையெழுத்துப் போட்ட நிபந்தனைகளில் ஒன்று. விளக்கு நகராமல் விற்பனை என்று பதிவானால் ஜிஎஸ்டி கணக்கும் உதைக்கும். கண்டுபிடிப்பதும் கடினமில்லை. நிஜ வியாபாரம் ரூ.437, ரூ.2,860, ரூ.11,340 என்று சில்லறையாக வரும். மாதம் தவறாமல் ஒரே கார்டு, ஒரே கடை, முழுசாக இருபதாயிரம் என்றால் புள்ளியியல் தெரிந்த கணினிக்கு அது இருட்டில் தீப்பந்தம். இதைத் தேடிப் பிடிக்க வங்கிகள் நல்ல சம்பளத்தில் கணிதப் பட்டதாரிகளை வைத்திருக்கின்றன. மேட்டூரில் விட்ட நீர் வெண்ணாற்றுக் கடைமடைக்குப் போவதற்குள் எங்கெல்லாம் காணாமல் போகிறது என்று கண்டுபிடிப்பதும் கிட்டத்தட்ட இதே கணிதம்தான். அதற்கு ஆய்வு நிதி கேட்டால் மட்டும் எல்லோருக்கும் காது மந்தமாகிவிடுகிறது.

விளக்குக் கடைக்கு மளிகையின் 5411 எப்படி வந்தது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தேன். உலைச் சூடு ஆறாத முற்றத்தில் ஒருவர் அன்னத்தின் கழுத்தை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். கடைக்காரர் யோசித்துச் சொன்னார்: மெஷின் வைக்க வந்த பையன் அவசரத்தில் இருந்தானாம், என்ன கடை என்று கேட்டானாம், பக்கத்துக் கடையில் மளிகை மூட்டை இறங்கிக்கொண்டிருந்ததாம். பட்டியலில் கைக்கு எட்டியதைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறான். அந்த நொடியிலிருந்து, உலகத்தின் எல்லா வங்கிகளுக்கும் அங்கே விற்பது அரிசியும் பருப்பும்தான்.

மகனின் பாயிண்டுகளை வங்கி திரும்ப எடுத்துக்கொண்டது. விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்திருக்கிறது. அப்பா வகையை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார். வந்ததற்கு நானும் ஓர் அடி உயரத்தில் அன்னம் வைத்த விளக்கு ஒன்றை வாங்கி, வேண்டுமென்றே கார்டைக் கொடுத்தேன். மாதக் கடைசியில் என் பில்லில் மளிகைச் செலவு என்ற தலைப்பின் கீழ், வெங்காயம் வாங்கிய கடைக்கும் காபித் தூள் வாங்கிய கடைக்கும் நடுவே அந்த விளக்கு உட்கார்ந்திருந்தது.